“எனக்குக் கணக்கு வராது”: நினைப்பும் எதிர்பார்ப்பும் ஒரு பிள்ளையை என்ன செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடத்துக்கும் மேலாக, எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுத்து வருகிறேன். சேர்க்க வரும் பெற்றோர் பலர் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்: “இவனுக்குக் கணக்கு வராது டீச்சர், எப்படியாவது பாஸ் பண்ண வெச்சிடுங்க.” பையன் பக்கத்தில்தான் நிற்பான், தரையைப் பார்த்துக்கொண்டு. இதே வரியை அவன் இதுவரை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றும். அந்த வரி ஒரு பிள்ளையை என்ன செய்கிறது என்று தேடிப் படித்தேன். படித்ததையும் வகுப்பில் பார்த்ததையும் வைத்து, பெற்றோரும் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வெறும் நினைப்பு ஒரு ஆளை மாற்றிவிடுமா?

நினைப்பு மட்டும் தனியாக மாற்றாது. நாம் செய்வதை அது மாற்றும். செய்வது மாறினால் கிடைப்பது மாறும். கிடைத்ததைப் பார்த்து அந்த நினைப்பு இன்னும் கெட்டிப்படும்.

இந்தச் சுற்றை அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948-இல் ஒரு வங்கியை வைத்து விளக்கினார். நன்றாக நடந்துகொண்டிருக்கும் வங்கி திவாலாகப் போகிறது என்று ஒரு புரளி கிளம்புகிறது. அதை நம்பி எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க ஓடுகிறார்கள். எந்த வங்கியிலும் அவ்வளவு பணம் கையிருப்பில் இருக்காது. வங்கி நிஜமாகவே மூழ்கிவிடுகிறது. காலையில் பொய்யாக இருந்த பேச்சு, எல்லோரும் நம்பியதாலேயே மெய்யாகிவிடுகிறது.

“கணக்கு வராது” என்பதும் அப்படிப்பட்ட பேச்சுதான். வராது என்று நினைக்கிற பையன் வீட்டுப்பாடத்தை நண்பனைப் பார்த்து எழுதுவான். கை பழகாது. பரீட்சையில் மார்க் குறையும். “நான்தான் அப்பவே சொன்னேனே” என்பான்.

அந்த நினைப்பு ஒரு பிள்ளையிடம் எப்படித் தெரியும்?

மார்க்குக்கு முன்னால் கையில் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். காரணிப்படுத்துதல் கணக்கு ஒன்று கொடுத்தேன். முதல் வரியைச் சரியாக எழுதினாள். உடனே தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். நான் வேறொரு பையனின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சட்டென்று ரப்பரை எடுத்து அந்த வரியை அழித்துவிட்டாள். மறுபடி அதையே எழுதினாள், மறுபடி அழித்தாள். அந்தப் பக்கத்தில் அந்த இடம் மட்டும் சாம்பல் பூசினாற்போல் மங்கி, தாள் தேய்ந்து, பின்பக்கத்து எழுத்து தெரிந்தது.

அவளுக்குக் கணக்கு தெரிந்திருந்தது. தனக்குத் தெரியும் என்பதுதான் தெரியவில்லை. விடை சரியா என்று நோட்டைப் பார்க்காமல் என் முகத்தில் தேடினாள்.

இன்னொரு அடையாளம், சரியாக வந்த கணக்கைப் பற்றி அந்தப் பிள்ளை என்ன சொல்கிறது என்பது. சரியாக வந்தால் “ஏதோ குருட்டாம்போக்குல வந்துச்சு” என்பார்கள். தப்பானால் “பாத்தீங்களா, எனக்கு வராது” என்பார்கள். பத்துக் கணக்கில் ஆறு சரியாக இருந்தாலும் தப்பான நாலு மட்டும் மனதில் நிற்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆசிரியர் ஒரு பிள்ளையை எப்படி நினைக்கிறார் என்பதால் அந்தப் பிள்ளையின் படிப்பு மாறுமா?

மாறலாம். இதைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் ஒரு பழைய சோதனையைச் சொல்வார்கள். ஆனால் பாதியைத்தான் சொல்வார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ராபர்ட் ரோசென்தால் என்ற உளவியலாளர் முதலில் எலிகளை வைத்துப் பார்த்தார். சாதாரண எலிகளைச் சில மாணவர்களிடம் கொடுத்து, “இவை கெட்டிக்கார எலிகள், புதிர்ப்பாதையில் சீக்கிரம் வழி கண்டுபிடிக்கும்” என்றார். வேறு சிலரிடம் “இவை மந்தம்” என்று சொல்லிக் கொடுத்தார். இரண்டும் ஒரே வகை எலிகள்தான். ஆனால் ‘கெட்டிக்கார’ எலிகள் உண்மையிலேயே நன்றாக வழி கண்டுபிடித்தன. அந்த மாணவர்கள் எலிகளை மென்மையாகக் கையாண்டிருந்தார்கள்.

அப்புறம் அவரும் லெனோர் ஜேக்கப்சன் என்ற பள்ளி முதல்வரும் சேர்ந்து, 1964-இல் கலிபோர்னியாவின் ஒரு தொடக்கப் பள்ளியில் சோதனை செய்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு தேர்வு வைத்தார்கள். பிறகு ஆசிரியர்களிடம், “இந்தப் பிள்ளைகள் இந்த வருடம் சட்டென்று முன்னேறப் போகிறார்கள்” என்று ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளின் பெயரைக் கொடுத்தார்கள். அந்தப் பெயர்களைத் தேர்வு முடிவைப் பார்த்து எடுக்கவில்லை, சீட்டுக் குலுக்கி எடுத்த மாதிரிதான். எட்டு மாதம் கழித்து மறுபடி தேர்வு வைத்தபோது, முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். 1968-இல் இது புத்தகமாக வந்து பெரிதாகப் பேசப்பட்டது.

மேல் வகுப்புகளில் அந்த வித்தியாசம் அவ்வளவாக இல்லை என்பதைப் பலர் சொல்வதில்லை. அவ்வளவு சின்னப் பிள்ளைகளை அளக்க அந்தத் தேர்வே சரியானதல்ல என்றும் கல்வியாளர்கள் அப்போதே கேள்வி எழுப்பினார்கள். அதன் பிறகு நடந்த சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 1984-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆசிரியருக்குப் பிள்ளைகளை இரண்டு வாரத்துக்கு மேல் ஏற்கெனவே தெரியுமென்றால், வெளியாள் வந்து சொல்லும் முத்திரை பெரிதாக ஒன்றும் செய்வதில்லை என்று அதில் தெரிந்தது. முன்பின் தெரியாத பிள்ளையிடம்தான் அது ஒட்டுகிறது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த இரண்டு வாரம்தான். ஜூன் மாதம் புது வகுப்பு தொடங்குகிறது. “போன வருஷம் இவன் எப்படி?” என்று ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரிடம் கேட்கிறார். அந்த நேரத்தில் சொல்லப்படும் ஒரு சொல் வருடம் முழுக்க அந்தப் பையன் மேல் ஒட்டிக்கொள்ளலாம். அதனால் சேர்க்க வரும் பெற்றோரிடம் பழைய மார்க் ஷீட்டை முதல் மாதம் காட்ட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

ஆசிரியர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லையே, பிறகு பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

காத்திருக்கும் நேரத்தில் தெரிந்துவிடும். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுகிறார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டச் செய்தபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். நன்றாகப் படிப்பவர்கள் என்று ஆசிரியர் நினைத்தவர்களுக்கு அதிக நேரமும், சுமார் என்று நினைத்தவர்களுக்குக் குறைந்த நேரமும் கிடைத்ததையும் அவர் கவனித்தார்.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுப் பாடம் எடுத்தேன். முன் வரிசைப் பிள்ளைகளிடம் கேட்டால் பொறுமையாக நின்றிருக்கிறேன், “யோசி, வரும்” என்றிருக்கிறேன். கதவோரம் உட்காரும் இரண்டு பேரிடம் கேட்ட மூச்சிலேயே “சரி, நீ சொல்லு” என்று வேறொருவரிடம் போயிருக்கிறேன். அவர்களை மட்டமாக நினைக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பையன்களுக்கு வருடக்கணக்காகத் தெரிந்திருக்கும். இப்போது கேள்வி கேட்டபின் மனசுக்குள் ஐந்து எண்ணுகிறேன், யாராக இருந்தாலும்.

சாதி, ஏழ்மை, பெண் பிள்ளை என்ற முத்திரைகளும் இப்படி வேலை செய்யுமா?

செய்யும். நம் நாட்டிலேயே நடந்த ஆய்வு இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களைக் கூட்டிவைத்துக் காகிதத்தில் புதிர்ப்பாதை போடச் சொன்னார்கள். மேல்சாதி எனப்படுவோரில் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியினரில் 321 பேர். முடிக்கும் ஒவ்வொரு புதிருக்கும் ஒரு ரூபாய். யார் என்ன சாதி என்று யாரும் சொல்லாதபோது இரண்டு தரப்பும் சமமாகப் போட்டார்கள். பிறகு வேறு குழுக்களில், எல்லோர் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் வாசித்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. 2004-இல் உலக வங்கியின் ஆய்வறிக்கையாக இது வந்தது.

“பார்த்தீர்களா, அவர்களுக்குத் தாழ்வு மனப்பான்மை” என்று இதைச் சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அதே ஆய்வில் பரிசு யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவுசெய்யும் என்று மாற்றியபோது, அந்த இடைவெளி காணாமல் போனது. குலுக்கலுக்குச் சாதி தெரியாது அல்லவா? உழைத்தாலும் நியாயமான கூலி கிடைக்காது என்று அந்தப் பையன்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் ஆய்வாளர்களின் விளக்கம். அப்படி எதிர்பார்க்க அவர்களுக்குக் காரணம் இருந்தது. பார்த்து வளர்ந்த ஊர் அப்படி. அந்த எதிர்பார்ப்பைப் பையனின் மனக்கோளாறு என்று பேசுவது அநியாயம். மாற வேண்டியது அந்தப் பெயர்ப் பட்டியலைச் சாதியோடு வாசிக்கிறவர்கள்.

வகுப்பில் எழுந்து நிற்கவைத்து உதவித்தொகைக்குப் பெயரும் சாதியும் கேட்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருப்பதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். அதைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க எத்தனை நிமிடம் ஆகிவிடும்?

“நீ கெட்டிக்காரன்டா” என்று புகழ்ந்துகொண்டே இருந்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. சில நேரம் கெடும். 1998-இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எளிய புதிர்களைக் கொடுத்து, சிலரை “நீ புத்திசாலி” என்றும், சிலரை “நன்றாக உழைத்தாய்” என்றும் பாராட்டினார்கள். அப்புறம் கஷ்டமான புதிர்கள் கொடுத்தார்கள். ‘புத்திசாலி’ என்று கேட்ட பிள்ளைகள் சீக்கிரம் சோர்ந்தார்கள், அடுத்து வந்த எளிய புதிர்களிலும் முன்பைவிடக் குறைவாக வாங்கினார்கள். வேறு பிள்ளைகளுக்கு எழுதிச் சொல்லும்போது தங்கள் மார்க்கைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம்.

யோசித்தால் புரியும். புத்திசாலி என்ற பட்டம் கிடைத்துவிட்டால், தெரியாத கணக்கைத் தொடுவதே ஆபத்து. தப்பானால் பட்டம் போய்விடும். பத்தாம் வகுப்பு வரை முதல் மார்க் வாங்கிவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் முதல் முறை நாற்பது வாங்கியதும் நோட்டையே மூடிவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் ‘மூளை வளரும், உழைத்தால் வரும்’ என்று சொல்லிக்கொடுத்தால் போதுமா?

கொஞ்சம் உதவும், மாயம் செய்யாது. அமெரிக்காவில் 65 பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 12,000 பேரிடம் இதைச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தமே ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற இணையப் பாடம். குறைவாக மதிப்பெண் வாங்கிவந்த பிள்ளைகளின் சராசரி, நாலுக்கு இவ்வளவு என்று போடும் அவர்களுடைய அளவில், 0.1 ஏறியது. ஒரு மணி நேரச் செலவுக்கு அது நல்ல வரவுதான். ஆனால் இதை வைத்து ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் முகாம்கள் சொல்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

சரி, நம்பிக்கை எப்படித்தான் வரும்?

செய்து முடித்த வேலையிலிருந்து வரும். நான் படித்ததிலேயே என் வகுப்புக்கு மிக நெருக்கமாக இருப்பது உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977-இல் எழுதியதுதான். ‘என்னால் இதைச் செய்ய முடியும்’ என்ற எண்ணத்துக்கு நான்கு ஊற்றுகள் என்றார் அவர். தானே செய்து முடித்த அனுபவம் ஒன்று. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது இன்னொன்று. அடுத்தவர் தரும் ஊக்கம், உடம்பும் மனசும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை ஆகியவை மற்ற இரண்டு. நான்கிலும் வலுவானது தானே செய்து முடித்ததுதான். ஊக்கப் பேச்சு அவ்வளவு வலுவானதல்ல. நாமோ பேச்சில்தான் எல்லாவற்றையும் சாதிக்கப் பார்க்கிறோம்.

பாம்பென்றாலே நடுங்குகிறவர்களோடு அவர் வேலை செய்தார். பயப்படாதே என்று சொல்லி நிறுத்தவில்லை. முதலில் வேறொருவர் பாம்பைக் கையாள்வதைத் தள்ளி நின்று பார்க்கவைப்பார்கள். பிறகு கொஞ்சம் கிட்டே. பிறகு கையுறையோடு தொடுவது, அப்புறம் வெறுங்கையோடு. ஒவ்வொரு படியும் முடியக்கூடிய அளவில் இருக்கும். வருடக்கணக்காக இருந்த பயம் சில மணி நேரத்தில் விட்டுப்போனவர்கள் உண்டு.

ரப்பர் வைத்து அழித்த பெண்ணிடம் நான் செய்ததும் படிதான். பென்சிலையும் ரப்பரையும் வாங்கி வைத்துக்கொண்டு பேனா கொடுத்தேன். தப்பென்று தோன்றினால் மேலே ஒரு கோடு மட்டும் போடலாம், அழிக்கக் கூடாது. ஏழாம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்கினோம், நாளுக்கு ஐந்து. வாரக் கடைசியில் கோடு போட்ட வரிகளையெல்லாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். முதல் வாரம் அவள் அடித்த பதினோரு வரிகளில் எட்டு சரியானவை. அவள் அதை விரல் வைத்து எண்ணினாள், இரண்டு தடவை. நான் ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளி லீவுக்கு முன்பே அவள் என் முகத்தைப் பார்ப்பது குறைந்துவிட்டது.

பரீட்சைக்கு முன்னால் வயிறு கலக்குகிறதே, என்ன செய்வது?

பயத்தைப் பத்து நிமிடம் தாளில் எழுதிவிட்டுப் பரீட்சை எழுதினால் மார்க் கூடும் என்று 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. பல ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த ஒரு குழு, 2018-இல் அதே பலன் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. அதனால் அதை நான் வாக்குறுதியாகச் சொல்வதில்லை. என் பிள்ளைகளுக்குச் சொல்வது, நன்றாகத் தெரிந்த இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்றை முதலில் எழுது என்பதுதான். கை ஓட ஆரம்பித்தால் வயிறு அடங்கும்.

‘பயப்படக் கூடாது, பயப்படக் கூடாது’ என்று மந்திரம் போல் சொல்லிக்கொள்ள வேண்டாம். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதே என்று டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் சொல்லிப் பார்த்தார். எல்லோருக்கும் வெள்ளைக் கரடிதான் வந்து நின்றது.

நல்லதையே நினைத்தால் நல்லதே நடக்கும் என்கிறார்களே?

நினைப்பதோடு நின்றால் நடக்காது. கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் பல வருடம் இதை ஆராய்ந்தார். வெற்றி கிடைத்துவிட்டது போலக் கனவு மட்டும் காண்கிறவர்கள், முயற்சி குறைந்து பின்தங்கவே செய்கிறார்கள். வேண்டியதையும் குறுக்கே நிற்பதையும் சேர்த்து யோசிக்கிறவர்கள் நன்றாகச் செய்கிறார்கள். நூறு வாங்குவேன் என்று சுவரில் எழுதி ஒட்டுகிற பையனிடம், அதற்குக் கீழேயே “இரவு எட்டு மணிக்குப் போன் கையில் வந்தால் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்” என்றும் எழுதச் சொல்கிறேன். இரண்டாவது வரிதான் வேலை செய்யும்.

குணம் பிறவியிலேயே வருவது இல்லையா?

ஓரளவு வருகிறது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளின்படி, மனிதருக்கு மனிதர் குணம் வேறுபடுவதில் சுமார் பாதி பிறவியோடு சேர்ந்தது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளை மேடைப் பேச்சாளராக வேண்டும் என்று யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. ஆனால் “எனக்குக் கணக்கு வராது” என்று யாரும் பிறக்கும்போதே கொண்டுவருவதில்லை. அது சொல்லிக் கொடுத்து வந்தது.

உண்மையிலேயே கணக்கு வராத பிள்ளைகள் இல்லையா?

இருக்கிறார்கள், அவர்களை மறந்துவிடக் கூடாது. எண்களின் அளவே மனதில் பிடிபடாத டிஸ்கால்குலியா என்ற கற்றல் குறைபாடு உண்டு. ஆறாம் வகுப்பிலும் ஏழும் ஐந்தும் கூட்ட விரல் விடும் பிள்ளை, கடிகாரம் பார்க்கவும் சில்லறை எண்ணவும் திணறும் பிள்ளை என்றால் முறையாகச் சோதித்துப் பாருங்கள். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் சலுகைகளும் உண்டு. அவர்களிடம் போய் “நம்பு, வரும்” என்பது கொடுமை.

பயம் கணக்கோடு நிற்காமல் தூக்கம், சாப்பாடு, பள்ளிக்குப் போவது எல்லாவற்றையும் தொட்டுவிட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

எனக்கே கணக்கு வராதே டீச்சர், நான் வீட்டில் என்ன சொல்லிக் கொடுப்பது?

இதை அதிகம் கேட்பவர்கள் அம்மாக்கள். பிள்ளை முன்னாலேயே கேட்பார்கள். அந்த வரியைப் பிள்ளை காதில் விழச் சொல்லாதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். குறைந்த மார்க்கோடு வந்தால், எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல் “எந்தக் கணக்குல எதுவரைக்கும் சரியாப் போச்சு, காட்டு” என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிய வேண்டிய அவசியமே இல்லை. பிள்ளை உங்களுக்குச் சொல்லிக் காட்டினால் போதும்.

போன வருடம் ஓர் அம்மா இதே கேள்வியைக் கேட்டார். மகளிர் குழுவில் கணக்கு நோட்டு அவர் பொறுப்பு. மடித்த பையிலிருந்து அந்த நோட்டு எட்டிப் பார்த்தது. “7,500 ரூபாய்க்கு நூத்துக்கு ஒன்றரை வட்டின்னா மாசம் எவ்வளவு வரும்?” என்று கேட்டேன். “112 ரூபா 50 காசு” என்றார், யோசிக்கக்கூட இல்லை. எப்படிப் போட்டீர்கள் என்றேன். “ஏழாயிரத்துக்கு நூத்தஞ்சு, ஐந்நூறுக்கு ஏழரை” என்றார். பக்கத்தில் நின்ற மகன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். தனிவட்டிக்கு அவன் நோட்டில் சூத்திரம் எழுதி, அதற்குக் கீழே இடத்தைக் காலியாக விட்டிருந்தான். “அம்மாகிட்ட கேட்டு இந்தக் கணக்கை முடிச்சிட்டு வா” என்று இரண்டு பேரையும் திண்ணையில் உட்காரவைத்தேன்.